கடுக்காய் காக்கும் ரகசியம்

கேள்வி: கண்ணுக்குத் தெரியாத மை என்பது உண்மையா? எப்படி வேலை செய்கிறது? – வாசகர், அணைக்கட்டு

பதில்: உண்மைதான். விடை உங்கள் வட்டாரத் தோல் தொழிலிலேயே இருக்கிறது. தோல் பதனிடும் கடுக்காயில் டானின் நிறைய உண்டு. கடுக்காய் ஊறிய தண்ணீரை வடிகட்டி, நன்றாக நீர்க்கவைத்து எழுதுங்கள். காய்ந்தபின் எழுத்து அநேகமாகத் தெரியாது. அதன்மேல் அன்னபேதி என்ற இரும்பு உப்பின் கரைசலைப் பஞ்சால் ஒற்றினால் இரும்பும் டானினும் கூடி, எழுத்து கருகருவென்று எழும்பிவரும். பார்க்க அவ்வளவு அழகு! மாசிக்காயை வைத்து இதே வித்தையை கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கப் பொறியாளர் ஃபைலோ சொல்லியிருக்கிறார்.

எலுமிச்சைச் சாற்றின் வழி வேறு. சூடு காட்டினால் சாறு பட்ட இடம் முதலில் பழுப்பாகும். முதல் உலகப்போரில் அதைக்கொண்டு எழுதிய ஜெர்மன் உளவாளி கார்ல் முல்லர், 1915-இல் லண்டன் கோட்டையில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அன்னபேதி வாய்க்குள் போகக்கூடாது. பிள்ளைகள் செய்துபார்க்கும்போது பெரியவர்கள் பக்கத்தில் இருங்கள்.