ஏ.ஏ. கூட்டத்துக்கு வழி

கேள்வி: சிகிச்சை முடிந்து வந்த என் கணவர் இப்போது குடிப்பதில்லை. ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகச் சொல்கிறார் டாக்டர். எங்கள் ஊரில் அப்படி ஒரு போர்டையே காணோமே?

பதில்: போர்டைத் தேடாதீர்கள், அம்மா. ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்பவர்களின் கூட்டம். அவர்கள் விளம்பரம் செய்துகொள்வதில்லை. சர்ச் வளாகத்திலோ பள்ளி வகுப்பறையிலோ சாயங்காலம் நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். சிகிச்சை பெற்ற மையத்திலேயே விசாரியுங்கள். கிழமை, நேரம் மட்டுமல்ல, கூட அழைத்துப்போக ஓர் ஆளும் பெரும்பாலும் கிடைப்பார். இல்லையென்றால் 14446-இல் கேளுங்கள்; போதை மீட்புக்கான அரசின் கட்டணமில்லா எண் அது. கூட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. முதல் நாள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம். தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று உங்கள் கணவர் தயங்குகிறாரா? பார்ப்பவரும் அதற்குத்தானே வந்திருப்பார்! குடும்பத்தாருக்கென்று அல்-அனான் கூட்டமும் உண்டு. கணவர் மசியாவிட்டாலும் நீங்கள் போகலாம்.