குமரி முனையருகே மூன்று நாள் துரத்தல்

குறும்புக்காரப் பிள்ளையைப் பார்த்து, "சரியான எம்டன்!" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைத் தாக்கிய ஜெர்மானியக் கப்பலின் பெயர் அது. வணிகக் கப்பல்களைப் பிடிப்பதே அதன் முக்கிய வேலை. அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, பாய்மரக் காலத்தில், பிரெஞ்சுக்காரர் நம் கடல்களில் இதே வேட்டையை நடத்தினர்.

அவர்களுள் பலர் கடற்படையினர் அல்லர். பகைவரின் வணிகக் கப்பலைப் பிடிக்க அரசிடம் அனுமதிச் சீட்டுப் பெற்ற தனியார். சீட்டு இருந்தால் போர்வீரன், இல்லாவிட்டால் கொள்ளைக்காரன்! சுர்கூஃப் என்பவர் 1800 அக்டோபர் 7 அன்று, தம் சிறு கப்பலைக் கொண்டு 'கென்ட்' என்னும் பெரிய ஆங்கிலக் கப்பலையே வங்கக் கடலில் பிடித்துவிட்டார். இவர்களுக்குப் புகலிடம் மொரீசியஸ் தீவு. அங்கிருந்து பிரெஞ்சு அரசின் போர்க்கப்பல்களும் வேட்டைக்குப் புறப்பட்டன.

அவற்றுள் ஒன்று 'பியேமோந்தேஸ்'. 1808 மார்ச் 6 அன்று குமரி முனையருகே ஆங்கில வணிகக் கப்பல்கள் மூன்றை அது நெருங்கியபோது, 'சான் பியோரென்சோ' என்ற போர்க்கப்பல் கண்டு துரத்தியது. அன்றிரவு சிறு மோதல். மறுநாள் காலை கடும் போர். பிரெஞ்சுக்காரர் சுட்டதில் ஆங்கிலக் கப்பலின் பாய்மரக் கட்டைகளும் கயிறுகளும் சிதைந்தன. பாய் இல்லாமல் எப்படித் துரத்துவது? அவற்றைச் செப்பனிட்டுக்கொண்டே பின்தொடர்ந்து, 8ஆம் தேதி மாலை மீண்டும் பிடித்தனர். தலைவர் ஹார்டிங் போரின் தொடக்கத்திலேயே மாண்டார். துணைவர் டாசன் போரை நடத்தினார். சுமார் ஒன்றேகால் மணி நேரத்துக்குப் பின் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. ஆங்கிலேயரில் 13 பேரும் பிரெஞ்சுக்காரரில் ஏறக்குறைய 50 பேரும் இறந்தனர்.

நம் மனத்தைத் தொடுவது வேறொரு செய்தி. தோற்ற கப்பலில் ஏறக்குறைய 200 லஸ்கர்கள் இருந்தனர். ஆங்கிலேயரின் வணிகக் கப்பல்களில் கூலிக்கு வேலை செய்து, அவை பிடிபட்டபோது கைதிகளான நம் நாட்டு மாலுமிகள்தாம் அவர்கள். பாய்களை இழுத்துக் கட்டும் வேலை அவர்கள் தலையில் விழுந்தது. அவர்களை மீட்கக்கூடிய கப்பல் பின்னால் வர, அதனிடமிருந்து தப்பி ஓடவே அவர்கள் கயிறு இழுக்க வேண்டியிருந்தது; அது சுட்ட குண்டுகளுக்கு எதிரே நின்றவர்களும் அவர்களே. இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் ஹார்டிங்குக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. லஸ்கர்களில் ஒருவர் பெயரைக்கூட எந்தப் பாடநூலிலும் நாம் படித்ததில்லை.

இப்படி ஒவ்வொரு கப்பலாகத் துரத்திப் பிடித்தும் தொல்லை தீரவில்லை. 1810 டிசம்பரில் சென்னை, வங்காளம், பம்பாய்ப் படைகளும் சேர்ந்து மொரீசியஸைக் கைப்பற்றிய பிறகுதான் வங்கக் கடலில் வணிகர்கள் அச்சமின்றிப் பாய் விரித்தனர்.