பாட்டிக்குப் பின் தாத்தா

கேள்வி: பாட்டி இறந்து நான்கே மாதத்தில் தாத்தாவும் போய்விட்டார். "ஏக்கத்திலேயே போனார்" என்கிறார்களே, இதற்கு மருத்துவ ஆதாரம் உண்டா?

பதில்: உண்டு. இங்கிலாந்து மனநல மருத்துவர் காலின் மர்ரே பார்க்ஸும் சகாக்களும், மனைவியை இழந்த 4,486 ஆண்களை ஆராய்ந்து 1969-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோரும் 55 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். முதல் ஆறு மாதங்களில் அவர்களின் இறப்பு விகிதம், அதே வயதில் மனைவியோடு வாழ்ந்தவர்களைவிட 40 சதவீதம் அதிகம். இதயநோய்தான் முக்கியக் காரணம். பிறகு அந்தக் கூடுதல் இறப்பு விகிதம் தணிந்தது.

பார்க்ஸ் ஆய்வோடு நிற்கவில்லை. இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் லண்டன் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பைஸில், நோயாளி இறந்த பிறகும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் குடும்பத்தாரைத் தேடிப்போய்ப் பார்க்க வழிசெய்தார். எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. நம் வீடுகளில் காரியம் முடிந்ததும் உறவுகள் கலைந்துவிடுகின்றன; ஆனால் "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்க ஆள் வேண்டியிருப்பது அதற்குப் பிந்தைய மாதங்களில்தான்.