நம்பிப் போன இடத்தில் பட்ட காயம்: அதற்கும் வைத்தியம் உண்டு



நம் குழுக்களில் ஒரு விதி இருக்கிறது. குழுப் பணத்தை ஊக்குநர் தன் வீட்டுச் செலவுக்கு எடுக்கக் கூடாது. ஒரு உறுப்பினர் "பரவாயில்ல, எடுத்துக்கோங்க அக்கா" என்று சொன்னாலும் எடுக்கக் கூடாது. ஏன்? அது நம்பி ஒப்படைத்த பணம். எல்லை இருந்தால்தான் நம்பிக்கை நிலைக்கும்.

நாம் உதவி தேடிப் போகும் எல்லோருக்கும் இதே விதி உண்டு. டாக்டர், மனநல ஆலோசகர், வாத்தியார், வக்கீல், போலீஸ், குறி சொல்பவர், ஜெபம் செய்பவர், எங்களைப் போன்ற தொண்டு நிறுவனப் பணியாளர்கள் என்று யாரும் இதற்கு விலக்கு இல்லை. இவர்களில் ஒருவர் எல்லை மீறினால் பாதிக்கப்பட்ட பெண்ணின் மனசு எப்படி ஆறும்? இதுதான் இந்த மாதப் பாடம்.

எல்லை மீறல் என்றால் என்ன?

ஒரு உதாரணம் பார்ப்போம். பிரசவத்துக்குப் பிறகு ஒரு பெண்ணுக்கு மனசு சரியில்லை. தூக்கம் இல்லை, காரணமில்லாமல் அழுகை. ஒரு ஆலோசகரிடம் போகிறார். தாயிடம்கூடச் சொல்லாததை அவரிடம் சொல்கிறார். முதலில் நல்லாத்தான் போகிறது. பிறகு அந்த ஆலோசகர் ராத்திரியில் போன் செய்கிறார். "என்னைத் தவிர உன்னை யாரும் புரிஞ்சுக்க மாட்டாங்க" என்கிறார். எல்லோரும் போன பிறகு தனியா வரச் சொல்கிறார். தன் சொந்தக் கஷ்டத்தைச் சொல்லி இவரிடம் ஆறுதல் கேட்கிறார். கடைசியில் தொடுகிறார். "இதுவும் சிகிச்சைதான், வெளியில சொல்லாதே" என்கிறார்.

தொட்ட அன்றைக்குத்தான் எல்லை மீறல் என்று நினைக்க வேண்டாம். ராத்திரி போனிலேயே அது ஆரம்பித்துவிட்டது. "யாருக்கும் சொல்லாதே" என்ற வார்த்தை வந்தாலே உஷாராக வேண்டும்.

"அவளும் சம்மதிச்சுத்தானே போனா?"

ஊரில் முதலில் கேட்கும் கேள்வி இது. யோசித்துப் பாருங்கள். ஒருவர் கையில் படிப்பும், பதவியும், நம் ரகசியமும் இருக்கிறது. நம் கையில் நோவு மட்டும்தான் இருக்கிறது. அந்த நிலையில் சொல்லும் "சரி" உண்மையான சம்மதம் ஆகாது.

இது புதுப் பேச்சு இல்லை. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முந்திய கிரேக்க மருத்துவர்களின் உறுதிமொழியிலேயே, நோயாளி வீட்டுப் பெண்களிடமோ ஆண்களிடமோ தவறாக நடக்க மாட்டேன் என்ற வாக்கு இருக்கிறது. நம் நாட்டில் 2002-ல் வந்த மருத்துவர் நடத்தை விதிகளும் நோயாளியிடம் முறைகேடாக நடப்பதைக் குற்றமாகச் சொல்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 68-வது பிரிவையும் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவமனைப் பணியாளர், அதிகாரத்தில் இருப்பவர், நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருப்பவர், அந்த நிலையைப் பயன்படுத்திப் பெண்ணை உடலுறவுக்கு இணங்க வைத்தால், அது பலாத்காரம் என்ற கணக்கில் வராவிட்டாலும் தண்டனை உண்டு.

மனசுக்குள் என்ன நடக்கிறது?

பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு ஒரே நேரத்தில் கோபமும் வரும், பாசமும் வரும். "நல்லது செஞ்சவராச்சே, காட்டிக் கொடுக்கலாமா?" என்று தோன்றும். "நான்தான் இடம் கொடுத்துட்டேனோ" என்ற குற்ற உணர்வு அரிக்கும். தூக்கம் கெடும். சிலருக்குச் சாகலாம் என்ற எண்ணமும் வரும்.

எல்லாவற்றையும் விட ஆபத்து ஒன்று உண்டு. இனி எந்த டாக்டரையும் நம்ப முடியாது என்று ஆகிவிடும். சர்க்கரை மாத்திரை நின்றுபோகும், கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் போக மாட்டார். வைத்தியம் தேடிப் போன இடத்திலேயே காயம் பட்டதால், வைத்தியம் என்றாலே பயம். அதனால்தான் இதற்குத் தனிக் கவனத்தோடு சிகிச்சை தேவைப்படுகிறது.

சிகிச்சை எப்படி நடக்கும்?

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-ல் வெளியிட்ட புத்தகத்தில், இப்படிப்பட்ட காயங்கள் ஆறுவதை மூன்று படிகளாகச் சொன்னார்.

முதல் படி, பாதுகாப்பு. நடந்ததைத் தோண்டிக் கேட்பதற்கு முன்னால், "இந்த அறையில் எனக்கு ஒன்றும் ஆகாது" என்ற தைரியம் அவருக்கு வர வேண்டும். எத்தனை நேரம் பேசுவோம், எவ்வளவு கட்டணம், யாருக்கு என்ன தெரியவரும், எல்லாம் முதல் நாளே பேசி முடிவாகும். பெண் மருத்துவரைக் கேட்கலாம். துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். "இன்னைக்கு இது போதும்" என்று நிறுத்தலாம். தூக்கமின்மைக்கு மருந்து தேவையானால் மனநல மருத்துவர் தருவார்.

இரண்டாம் படி, சொல்லி அழுவது. அவர் வேகத்தில், அவர் வார்த்தையில் சொல்வார். நல்ல ஆலோசகர் "ஏன் திரும்பத் திரும்பப் போனீங்க?" என்று கேட்க மாட்டார். கோபமும் பாசமும் சேர்ந்து வருவது இயற்கை என்று புரிய வைப்பார். குற்றம் யாருடையது என்பது மெல்ல மெல்லத் தெளியும்.

மூன்றாம் படி, மறுபடி நாலு பேரோடு சேர்வது. வேலை, குழு, கோயில் குளம் என்று பழைய வாழ்க்கைக்குத் திரும்புவது. வேண்டிய மருத்துவத்தைப் பயமில்லாமல் பெறுவது.

இத்தனை நாளில் சரியாகும் என்று கணக்குச் சொல்ல முடியாது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதும் அவர் முடிவு. ஆலோசகர் வழி சொல்லலாம், வற்புறுத்தக் கூடாது. ஆனால் பாதிக்கப்பட்டது 18 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி பாலியல் குற்றம் தெரிந்தவர் கட்டாயம் தகவல் கொடுக்க வேண்டும்.

எங்கே போகலாம்?

• 14416, டெலி மனஸ். 2022-ல் தொடங்கிய இலவச மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். சாகும் எண்ணம் இருந்தால் தாமதிக்க வேண்டாம்.
• 181, மகளிர் உதவி எண். இதன் மூலம் மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தின் உதவியைப் பெறலாம். பிள்ளைகளுக்கு 1098.
• அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை ஆகியவற்றின் மனநலப் பிரிவு.
• 15100, இலவச சட்ட உதவி. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சையில் பேசுவது ரகசியமாகக் காக்கப்பட வேண்டும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு எந்த மருத்துவமனையும், தனியாராக இருந்தாலும், இலவச சிகிச்சை தர மறுக்கக் கூடாது.

குழு என்ன செய்யலாம்?

ஒரு சகோதரி வாய் திறந்தால் முதலில் கேளுங்கள். "நீ சொல்றதை நம்புறோம், தப்பு உன்மேல இல்ல" என்ற ஒரு வார்த்தை போதும். விவரம் துருவ வேண்டாம். அவர் அனுமதி இல்லாமல் கூட்டத்தில் பேசவோ தீர்மானப் புத்தகத்தில் எழுதவோ கூடாது. பஞ்சாயத்து பேசிப் பணம் வாங்கி முடிக்கும் வேலையும் வேண்டாம். முதல் நாள் ஆஸ்பத்திரிக்கு ஒருவர் துணை போகலாம், ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். அந்த மாதச் சேமிப்பு தவறினால் அபராதம் போடாமல் இருக்கலாம்.

கூட்டத்தில் கலந்து பேச

1. உதவி செய்பவர் எந்த நேரத்தில், எதற்காக நமக்குப் போன் செய்யலாம்?
2. பரிசோதனையின்போது ஒரு பெண் துணை வேண்டும் என்று எப்படிக் கேட்பது? ஒருவர் டாக்டராக, ஒருவர் நோயாளியாக நடித்துப் பாருங்கள்.
3. கூட்டமைப்புப் பணியாளரோ நாங்களோ எல்லை மீறினால் யாரிடம் சொல்வீர்கள்? அந்தப் பெயரை இன்றே முடிவு செய்து, எல்லா உறுப்பினருக்கும் தெரியப்படுத்துங்கள்.