சேர்வர் வாடகை அறிக்கை: வியாபாரி பார்க்க வேண்டிய வரிகள்

கடைக் கணக்கைக் கணனிக்கு மாற்றிய வியாபாரிகளில் பலர் மாத முடிவில் பில்லை மட்டுமே பார்க்கிறோம். அதனுடன் வரும் நிலவர அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு நல்ல கூட்டாளியை இழக்கப் பார்த்த பிறகே அந்த அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

ஏ-9 வீதியை ஒட்டிய ஐந்து கடைக்காரர்கள் சேர்ந்து கொள்வனவு, கையிருப்பு, கடன் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மென்பொருளைப் பாவித்து வந்தோம். சேர்வர் எங்களுடையதல்ல. கொழும்பில் வாடகைக்கு எடுத்த ஐ.பி.எம். பவர் வகைச் சேர்வர் அது. செலவைப் பங்கு பிரிப்பது என் பொறுப்பு.

ஒரு காலபோக அறுவடையின்போது நெல் கொள்வனவுப் பதிவுகள் குவிந்து வேலை மந்தமானது. ஏழு நாட்களுக்கு மேலதிகமாக இரண்டு புரொசெசர்களைத் திறந்து தரும்படி கேட்டேன். மாத முடிவில் அந்த மேலதிகச் செலவு மட்டும் நான் கணித்ததை விட இரண்டு மடங்குக்கு மேல் வந்து நின்றது.

அந்த மாதம் அதிகப் பதிவுகள் கனகராயன்குளத்துக் கடையிலிருந்தே வந்திருந்தன. யோசிக்காமல் தொலைபேசியை எடுத்து, "தம்பி, இந்த மேலதிகம் உங்கட பங்கு" என்றேன். மறுபக்கத்தில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "என்ரை பிழையெண்டால் நான் கட்டுறன் நானா. ஆனா அந்த அறிக்கையையும் கொண்டு ஒருக்கா கடைக்கு வாங்கோ" என்றார்.

புளியங்குளம் தாண்டி அவரது கடைக்குப் போனேன். மேசையில் அறிக்கையை விரித்து இருவரும் வரி வரியாகப் பார்த்தோம்.

முதல் வரி, பொருத்தப்பட்டவை. பெட்டிக்குள் இருக்கும் புரொசெசர்களின் மொத்தம் இது. கம்பனி கூடுதலான புரொசெசர்களைப் பொருத்தியே சேர்வரை அனுப்புகிறது. அவற்றில் ஒரு பகுதி பூட்டியிருக்கும். இருக்கிறது என்பதால் அது நமதாகிவிடாது.

இரண்டாவது, நிரந்தரமாகத் திறந்தவை. பணம் கட்டி உரிமை பெற்றவை இவைதான். இவற்றுக்கு நாள் கணக்கு இல்லை.

மூன்றாவது, தற்காலிகமாகத் திறந்தவை. இங்கே அலகு 'புரொசெசர்-நாள்'. இரண்டு புரொசெசர் ஏழு நாள் என்றால் 14 அலகு. திறந்த நேரத்திலிருந்து 24 மணித்தியாலம் ஒரு நாள்; இரண்டு மணித்தியாலத்தில் மூடினாலும் ஒரு நாளே. வேலை செய்ததா, சும்மா இருந்ததா என்பதும் கணக்கில் இல்லை. "வாடகைக்கு எடுத்த உழவு இயந்திரம் முற்றத்திலை நிண்டாலும் வாடகை ஓடும்தானே" என்றார் தம்பி.

நான்காவது வரியில் என் விரல் நின்றது. திருப்பி ஒப்படைக்காதவை: 18 புரொசெசர்-நாள். கேட்ட ஏழு நாள் முடிந்த பிறகும் இரண்டு புரொசெசர்களும் ஒன்பது நாட்கள் எங்கள் பகுதியிலேயே இருந்திருக்கின்றன. கேட்ட தவணை முடிந்தாலும், விடுவிக்காத வரை கட்டணம் ஓடும். 14உம் 18உம் சேர்ந்து 32. விடுவிக்கும்படி அறிவிக்க வேண்டியவன் நான், மறந்திருந்தேன். கனகராயன்குளத்துக் கடை எத்தனை பதிவு செய்திருந்தாலும் அந்தத் தொகை ஒரு சதமும் கூடியிருக்காது. அந்த 18 நாளின் பணத்தை நானே கட்டினேன். தம்பியிடம் மன்னிப்பும் கேட்டேன்.

லைசன்ஸ் வரிகள் தனி. அங்கே 'பாவனை வரம்பு', 'உச்சப் பாவனை' என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது நாம் வாங்கிய அளவு. இரண்டாவது இதுவரை எட்டிய மிகக் கூடிய அளவு. இன்றைய பாவனை குறைவாக இருந்தாலும், ஒரு நாள் வரம்பைத் தாண்டியிருந்தால் உச்ச எண் அதைக் காட்டிக்கொடுக்கும். புரொசெசரைத் திறக்கப் பணம் கட்டியதால் அதில் ஓடும் மென்பொருளுக்கும் கட்டியதாகாது. உதாரணமாக, ஒரக்கிள் தரவுத்தளத்தின் உயர்ரக என்டர்பிரைஸ் பதிப்பை எடுத்தால், இன்டெல் சேர்வரில் நான்கு கோர்களுக்கு இரண்டு லைசன்ஸ் போதும். பவர் சேர்வரில் அதே நான்கு கோர்களுக்கு நான்கு வேண்டும்.

இவ்வளவு பெரிய சேர்வர் நமக்கெதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். அமேசனிடம் மாதவாடகைக்கு எடுக்கும் சின்னச் சேர்வரிலும் இதே விடயம் உண்டு. அதன் மும்பை நிலையம் 2016இல் திறக்கப்பட்டது. அங்கே 'டி3 மைக்ரோ' வகைக்கு மணித்தியாலத்துக்கு 12 கிரெடிட் வரவு. சேரக்கூடியது 288 வரை. ஒரு கிரெடிட் என்பது ஒரு புரொசெசர் ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓடும் அளவு. சேமிப்புத் தீர்ந்தாலும் வேலை நிற்காது. மாற்றியமைக்காவிட்டால் 'வரையறையற்ற' முறையே இயல்பாக இருக்கும். தொடர்ந்து மிஞ்சிய பாவனைக்குத் தனிக் கட்டணம் வரும். கடை வேகமாக ஓடுகிறது என்று மகிழும் மாதத்திலேதான் அந்த வரியைப் பார்க்க வேண்டும்.

ஆகவே மூன்று காரியங்களைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மேலதிகம் கேட்கும் அன்றே, ஒப்படைக்கும் திகதியையும் நாட்குறிப்பில் எழுதுங்கள். பில் வந்ததும், திறந்த நாள், ஒப்படைக்காத நாள், லைசன்ஸின் உச்ச எண் ஆகிய மூன்றையும் அறிக்கையில் பாருங்கள். கூட்டு வியாபாரமென்றால் எல்லாப் பங்காளிகளுக்கும் அறிக்கையின் பிரதியைக் கொடுங்கள்.

எங்கள் கூட்டில் இப்போது அறிக்கை முதலில் கனகராயன்குளத்துக்கே போகிறது. தம்பி பார்த்துக் கையொப்பம் வைத்த பிறகே நான் பங்கு பிரிக்கிறேன்.