ஒரு சரக்கு, ஒரு குறிப்பு, பல பயன்



22.9.2025 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியதை மளிகை வியாபாரிகள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். குளியல் சோப்பு, பற்பசை, ஷாம்பு, தலைக்கு வைக்கும் எண்ணெய், பிஸ்கட் ஆகியவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. நெய், வெண்ணெய், பாக்கெட் மிக்சர் ஆகியவை 12 சதவீதத்திலிருந்து 5க்கு வந்தன.

வரி குறைந்தது நல்ல செய்திதான். ஆனால் அதை நம் கடையில் எத்தனை இடங்களில் திருத்த வேண்டியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள். தா.பழூர் கடைவீதியில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். பில் போடும் கணினியில் ஒரு விலை இருக்கிறது. அலமாரியில் ஒட்டிய சீட்டில் ஒரு விலை. ஸ்ரீபுரந்தான், காரைக்குறிச்சி, கோடாலிகருப்பூர் சிறு கடைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் விலைப்பட்டியலில் ஒரு விலை. இருப்புப் புத்தகத்தில் இன்னொன்று. மூன்று இடத்தில் திருத்தி, நான்காவதை மறந்துவிட்டால் வம்புதான்.

வரி நீங்கலாக 100 ரூபாய் விலையுள்ள சோப்புக் கட்டு, 118 ரூபாயிலிருந்து 105 ரூபாய்க்கு வர வேண்டும். பழைய விலையிலேயே பில் போட்டால் அந்த 13 ரூபாய் நமக்கு லாபமன்று. வரி என்று வசூலித்த தொகை அரசுக்குச் சேர வேண்டியது. நமக்கு மிஞ்சுவது வாடிக்கையாளரின் அதிருப்தி மட்டுமே.

பேரேடு காட்டிய வழி

இதற்கான தீர்வு புதிதன்று. நம் முன்னோர் சிட்டையில் அன்றாட வரவு செலவை எழுதி, பேரேட்டுப் பக்க எண்ணைப் பக்கத்தில் குறித்தார்கள். ஒருவருடைய கணக்கு முழுவதும் பேரேட்டில் ஒரே பக்கத்தில் இருக்கும். மற்ற இடங்களில் அந்தப் பக்க எண் மட்டுமே இருக்கும்.

கணினியில் இதையே 'ஐட்டம் மாஸ்டர்' என்கிறோம். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு குறிப்பு. அதில் பெயர், எடை, எச்.எஸ்.என். குறியீடு, வரி விகிதம், கொள்முதல் விலை, விற்பனை விலை ஆகியவை தனித்தனிக் கட்டங்களில் இருக்க வேண்டும். பில், அலமாரிச் சீட்டு, விலைப்பட்டியல், இருப்புக் கணக்கு அனைத்தும் அந்த ஒரே குறிப்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே ஒரு முறை திருத்தினால் அடுத்து வரும் பில்லிலும் அச்சாகும் பட்டியலிலும் புது விலையே வரும்.

எண்ணே இணைப்பு

பாக்கெட்டின் மேல் உள்ள பார்கோடில் விலை எழுதியிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 890 என்று தொடங்கும் அந்த 13 இலக்கம் சரக்கை அடையாளம் காட்டும் எண் மட்டுமே. விலை நம் கணினியில்தான் இருக்கிறது. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டிராய் நகரக் கடையில் ஒரு சூயிங்கம் கட்டு இம்முறையில் முதன்முதலாக விற்பனையானது. விலை மாறினாலும் எண் மாற வேண்டியதில்லை என்பதே இம்முறையின் பலம். சில்லறைச் சரக்குக்குப் பார்கோடு இருக்காது. அதற்கு நாமே ஓர் எண் கொடுத்துக்கொள்ளலாம்.

சேர்ப்பதும் பிரிப்பதும்

ஒரே வரியுள்ள சரக்குகளை ஒரு குழுவாக்கினால், குழுவில் ஒரு முறை விகிதத்தை மாற்றினால் போதும். ஆனால் வழக்கப் பெயரைப் பார்த்துச் சேர்க்கக் கூடாது. குளியல் சோப்பு 3401, சலவைத் தூள் 3402. இரண்டையும் 'சோப்பு வகை' என்று ஒன்றாக வைத்திருந்தால் தவறு நேரும். முன்னதற்கு வரி குறைந்தது. பின்னது 18 சதவீதத்திலேயே நின்றது.

அரிசியும் அப்படியே. 18.7.2022 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத வரி உண்டு. சில்லறையாக அளந்து கொடுக்கும் அரிசிக்கும் 26 கிலோ மூட்டைக்கும் இல்லை. எனவே 'பொன்னி அரிசி' என்ற ஒரே குறிப்பு போதாது. வரி வேறானால் குறிப்பும் வேறாக வேண்டும்.

பழையதை அழிக்காதீர்

புதிய விகிதத்தைப் பழையதன் மேல் எழுதிவிடாமல், 'எந்தத் தேதி முதல்' என்று சேர்த்து எழுதுங்கள். 2025 ஆகஸ்டில் 18 சதவீதத்தில் விற்ற சரக்கு பின்னர் திரும்பி வந்திருந்தால், அதற்கான கிரெடிட் நோட்டும் 18 சதவீதத்திலேயே போடப்பட வேண்டும். பழைய விகிதம் அழிந்திருந்தால் கணக்கு ஒத்து வராது.

முகவரிக்கும் இதே விதிதான். நம் தா.பழூர் பகுதி 1995 வரை திருச்சி மாவட்டம். பின்னர் பெரம்பலூர், 2001இல் அரியலூர், 2002இல் மீண்டும் பெரம்பலூர், 2007 முதல் மறுபடியும் அரியலூர். மாவட்டப் பெயரை ஒவ்வொரு வாடிக்கையாளர் முகவரியிலும் தனித்தனியே எழுதி வைத்தவர் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். ஊருக்கு ஒரு குறிப்பு வைத்து அதனுடன் முகவரிகளை இணைத்தவருக்கு ஊருக்கு ஒரு திருத்தம் போதும்.

தொடங்கும் முறை

1. அதிகம் ஓடும் 50 சரக்குகளை மட்டும் முதலில் எடுங்கள்.

2. ஒரே சரக்கு இரண்டு பெயரில் பதிவாகியிருந்தால் ஒன்றாக்குங்கள். 'து.பருப்பு', 'துவரம்பருப்பு' என இரண்டு இருந்தால் இருப்பும் இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

3. திருத்தும் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். ஒரு தவறு எல்லா இடத்திலும் பரவும் என்பதால், மாற்றியவுடன் ஒரு மாதிரி பில் போட்டுச் சரிபாருங்கள்.

4. வாரம் ஒரு முறை பட்டியலை நகல் எடுத்து, வேறிடத்தில் வையுங்கள்.

கணினி இல்லாத கடைக்கும் இது பொருந்தும். ஒரு நீள நோட்டில் சரக்குக்கு ஒரு பக்கமும் எண்ணும் கொடுத்து, அலமாரிச் சீட்டின் மூலையில் அந்த எண்ணைக் குறித்தால் போதும். விலை மாறும் நாளில் எந்தெந்தச் சீட்டை மாற்ற வேண்டும் என்று தேடி அலைய வேண்டியதில்லை.

வரி விகிதம் இனியும் மாறும். அடுத்த மாற்றம் வரும் முன்பே, இந்த வாரம் கடை விடுமுறை நாளில் முதல் 50 சரக்குகளை எழுதி முடித்துவிடுங்கள்.