ஹீட்டர் குழாயில் ‘சுருக்’கென்றால்…

இந்த மாதப் பாடம் நம் வீட்டுக் குளியலறையில் இருக்கிறது.

காஹாங்கில் நாங்கள் தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில், தீபாவளி விடியலில் எண்ணெய்க் குளியலுக்குப் பாட்டி விறகடுப்பில்தான் வெந்நீர் போடுவார். தாமானுக்கு மாறியதும் ஹீட்டர் வந்தது. சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரம் பாட்டி, “குழாயத் தொட்டா சுருக்குங்குதுடா” என்றார். நான் ஹீட்டரின் டெஸ்ட் பட்டனை அழுத்தினேன். ‘டக்’கென்று நின்றது. “எல்லாம் சரியாத்தான் இருக்கு, குளிங்க பாட்டி” என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. சுவிட்சை அடைத்துவிட்டு, லைசென்ஸ் உள்ள வயர்மேனை அழைத்தார். அவர் மூடியைக் கழற்றிக் காட்டினார். பச்சை மஞ்சள் நிற எர்த் வயர் எதிலும் இணைக்கப்படாமல் மடங்கிக் கிடந்தது.

“பட்டன் அழுத்திப் பார்த்தேனே, அங்கிள்?”

“கரண்ட வெட்டுற கருவி வேலை செய்யுதான்னுதான் பட்டன் சொல்லும், தம்பி. எர்த் இருக்கான்னு சொல்லாது.”

பாடமே இதுதான். எர்த் வயர், கசிந்த மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகிறது. ஆர்சிடி கருவி, போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று பார்த்து, வித்தியாசம் அதிகமானால் வெட்டுகிறது. எர்த் இல்லாவிட்டால் கசிவு நம் உடம்பு வழியே இறங்கும். 1 மில்லி ஆம்பியர் அளவிலேயே சுருக்கென்று தெரியும். அது கருவி வெட்டும் அளவுக்குக் குறைவு. 10ஐத் தாண்டினால் கை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். அதற்கும் மேலே போனால் இதயத் துடிப்பே குலையும். ஆகவே எர்த், ஆர்சிடி இரண்டும் வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது.

நம் நாட்டின் 1994 மின்சார விதிமுறைகள், தரை ஈரமாகும் இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர் ஆர்சிடி கேட்கின்றன. மெயின் பெட்டியில் 100 என்று போட்ட கருவி இருந்தால் குளியலறைக்கு அது போதாது.

வீட்டில் பார்க்க வேண்டியவை:

1. 3.6 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 16 ஆம்பியர் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக்கில் மாட்டாதீர்கள். மெயின் பெட்டியிலிருந்து தனி லைன் வேண்டும். சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும்.
2. வாங்கும்போது சிரிம் முத்திரையைப் பாருங்கள்.
3. மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். வெட்டவில்லையென்றால் ஹீட்டரைப் பயன்படுத்தாதீர்கள்.
4. எர்த்தை வயர்மேன் மீட்டர் வைத்துச் சோதிக்கட்டும். நீங்களே மூடியைத் திறக்க வேண்டாம்.
5. யாரையாவது கரண்ட் பிடித்தால் தொடாதீர்கள். முதலில் மெயினை அடையுங்கள், பிறகு 999.

அந்தத் தீபாவளிக்கு முதலில் குளித்தவர் பாட்டிதான். “இப்ப சுருக்குங்கலடா” என்றார். வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வீட்டு ஆர்சிடியில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்து வாருங்கள். வீட்டில் பெரியவர்கள் ‘சுருக்குங்குது’ என்று சொன்னால், என்னைப் போலச் சமாதானம் சொல்லாதீர்கள். முதலில் சுவிட்சை அடையுங்கள்.